கள்ளன்கல்லின் மூன்றாம் வரி

"பங்குனி, இரண்டாம் ஞாயிறு. கல், பட்டா நிலத்தில், கிழக்கு நோக்கி. வீரன் வலக்கையில் வாள், இடக்கையில் வில். காலடியில் கன்று. மூன்றாம் வரியில் இரண்டு எழுத்து இல்லை. நீர் கொடுத்தவர்: வீட்டுக்கார அம்மாள்."

நம் வரலாற்றுக் கழகத்து அலமாரியில், ஒரு கல்வெட்டின் மைப்படிச் சுருளோடு நூல் போட்டுக் கட்டிய அட்டையில் இப்படி எழுதியிருக்கிறது. மருந்துக்கடைக்காரரின் கையெழுத்து. மாதமும் கிழமையும் எழுதியவர் ஆண்டை விட்டுவிட்டார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம்தான். ஆனால் நினைவிலிருந்து கணக்கிட்ட ஆண்டைப் பதிவில் ஏற்றக் கூடாது என்று நாமே விதி வைத்திருக்கிறோம். ஆகவே ஆண்டு இல்லாமலே இருக்கட்டும்.

கழகத்து நண்பர்களே, நம்மில் பாதிப் பேருக்குக் குனிந்து கல்வெட்டுப் படிக்க முட்டி ஒத்துழைப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, இந்த ஆண்டு மலருக்கு ஆளாளுக்குக் கழகத்துக்கு எப்படி வந்தோம் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எல்லாரும் கழகத்தைத் தேடிப் போயிருப்பீர்கள். எங்கள் வீட்டுக்குக் கழகமே பஸ் பிடித்து வந்தது.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே, பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்குள் வரும் வண்டித்தடத்தை ஒட்டி எங்கள் கொள்ளுக்காடு. அதன் ஓரத்தில் வீரன் உருவம் செதுக்கிய ஒரு பலகைக்கல் நின்றது. நம் பக்கத்தில் இப்படிப்பட்ட கல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள், பொங்கல் வைப்பார்கள். எங்கள் காட்டுக் கல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்குப் பெயர் கள்ளன்கல். ஊரில் கன்னடம் பேசும் வீடுகளிலும் அதே பெயர்தான்: கள்ளன கல்லு. மாடு திருட வந்த ஒருவனை அடித்துக் கொன்று, இனி ஒருத்தன் வரக்கூடாது என்று நிறுத்திய கல் என்பது கதை.

அந்தத் தடத்தில் போகிறவர்கள் ஒரு கல்லை எடுத்து அதன்மேல் எறிந்துவிட்டுத்தான் போவார்கள். எறியாமல் போனால் வீட்டில் களவு போகும் என்று நம்பிக்கை. எறிந்த கல்லை யாராவது திரும்ப எடுத்தால் களவுப் புத்தி ஒட்டிக்கொள்ளும் என்பது அதைவிடப் பெரிய நம்பிக்கை. அதனால் கற்கள் சேர்ந்துகொண்டே போயின. எனக்கு விவரம் தெரிந்தபோது குவியல் வீரனின் மார்பு வரை வந்திருந்தது. தேய்ந்த முகமும் ஓங்கிய கையும் மட்டும் மேலே தெரியும், கிணற்றில் இறங்கி நிற்கிற ஆள் மாதிரி.

கல் எங்கள் நிலத்தில் இருந்ததால் எங்கள் வீட்டுக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. "கள்ளன்கல்லு வூட்டுப் பொண்ணு" என்றால்தான் ஊரில் என்னைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் காணாமல் போனால் வகுப்பே திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கும். நானும் சிரித்துவிடுவேன். அப்பாவுக்கு அது முடியவில்லை என்பது அந்தப் பங்குனிக்குச் சற்று முன்புதான் எங்களுக்குத் தெரிந்தது.

காரிமங்கலம் சந்தைக்கு அப்பா ஒரு ஜோடி மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். ஒரு தரகர் பல்லைப் பிடித்துப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசக் கை கோக்கிற நேரம். "எந்த ஊருங்க?" என்று கேட்டிருக்கிறார். அப்பா சொல்லுமுன் பக்கத்தில் நின்ற எங்கள் ஊர்க்காரர் முந்திக்கொண்டார்.

"அட, நம்ம கள்ளன்கல்லு வூட்டுக்காரருங்க. மாட்டப் பாத்தது போதும், ரசீதப் பாருங்க."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்புறமா பாக்கலாங்க" என்று அடுத்த ஜோடிக்கு நகர்ந்துவிட்டார். அப்பா மாடுகளை வந்த வழியே நடத்திக்கொண்டு வந்து கட்டுத்தறியில் கட்டினார். மறுநாள் கல்லுடைக்கிறவரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார்.

கல்லுடைக்கிறவர் விரலை மடக்கி வீரனின் தோளில் தட்டிப் பார்த்தார். "நல்ல கல்லுண்ணா. சுத்தமாப் பொளக்கும். வேலிக்கம்பம் நாலு தேறும். அமாவாசை கழிச்சுத் திங்கக்கெழம வரேன்" என்றார். கல்லே இல்லாவிட்டால் பெயர் எங்கே ஒட்டும் என்பது அப்பாவின் கணக்கு.

அந்த இடைவெளியில் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் மூன்று பேர் வெயிலில் நடந்து வந்தார்கள். முன்னால் குடை பிடித்த ஒரு அம்மாள், பாலக்கோட்டில் தபால் ஆபீஸ் வேலை. துணிப்பையோடு மெலிந்த ஒருவர், மருந்துக்கடை வைத்திருப்பவர். தன்னைவிட உயரமான காகிதச் சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓவிய வாத்தியார். வாரத்தில் ஆறு நாள் அவரவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரலாற்றுக் கழகம்.

காகிதச் சுருளையும் அளவு நாடாவையும் பார்த்த ஊர், சர்வேக்காரர்கள் என்று முடிவு கட்டிவிட்டது. எங்கள் பெரியப்பா முறை உள்ள ஒருவர் ஓவிய வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், பங்காளி எங்க வரப்புல ஒரு மொழம் தின்னுட்டான். அதையும் அளந்து குடுத்துட்டுப் போயிடுங்க."

"நாங்க நெலம் அளக்கறவங்க இல்லீங்க. இந்தக் கல்லுல எழுத்து இருக்குதான்னு பாக்க வந்தோம்."

"எழுத்தா? அது புழு ஊந்த தடமுங்க."

அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, எங்கள் கல் இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று விசாரித்தாள். தபால் அம்மாள் சிரித்தார். "ஓசூர்லருந்து உங்களுக்கு வர்ற கடுதாசியில எல்லாம் 'கள்ளன்கல் அருகில்'னு போட்டு வருதுங்க. சீல் குத்தும்போதெல்லாம் அது என்னா கல்லுன்னு யோசிப்பேன்."

"எங்க நாத்தனாரு எழுதறதுங்க. அந்த அட்ரஸ் வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கறோம், கேட்டாத்தானே" என்றாள் அம்மா. எந்தப் பெயரை மறைக்கப் பார்த்தோமோ அதுதான் இவர்களைக் கூட்டிவந்தது. அன்று அது யாருக்கும் உறைக்கவில்லை.

குவியலுக்கு மேலே தெரிந்த பகுதியை மட்டும் அன்று கழுவினார்கள். அம்மாவின் பித்தளைக் குடத்தில் கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது. கத்தி இல்லை, உளி இல்லை, மயிர்த்தூரிகையும் பொறுமையும்தான். வெயிலில் காய்ந்து கிடந்த கல்லில் தண்ணீர் பட்டதும் முதல் மழை வாசனை வந்தது. நனைத்த காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தப் தப் என்று அடித்தார்கள். கரி மையைத் துணிப்பந்தில் தொட்டு ஒற்ற ஒற்ற, கறுப்புக்கு உள்ளேயிருந்து எழுத்து வெள்ளையாக மேலே வந்தது. புழு ஊர்ந்த தடம் என்ற பெரியப்பா வாயைத் திறந்தபடி நின்றார்.

வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. தலைக்கு மேலே இரண்டு வரி; அரசன் பெயர் இருந்திருக்க வேண்டிய இடம் தேய்ந்து போயிருந்தது. மூன்றாம் வரி வீரனின் பக்கவாட்டில் இறங்கிக் குவியலுக்குள் மறைந்தது. மருந்துக்கடைக்காரர் மூக்கு இடிக்க நின்று எழுத்துக் கூட்டினார்.

"தொ... று. தொறு."

பின்னாலிருந்து ஒரு குரல்: "திருடுங்கறாரு!"

"இல்லீங்க, தொறு. தொறுன்னா மாட்டு மந்தை. பழைய வார்த்தை."

"மாடுன்னும் எழுதியிருக்குதாம்ப்பா! மாடு திருடுன்னு வெளக்கமாவே எழுதி வெச்சிருக்கறாங்க!"

ஊர் கொல்லென்று சிரித்தது. மருந்துக்கடைக்காரர் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார், யார் காதிலும் விழவில்லை. பொழுது சாயுமுன் கல்லிலேயே திருடன் என்று எழுதியிருப்பதாக அடுத்த ஊர் வரை செய்தி போய்விட்டது. அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போய்விட்டார். பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அம்மா மெதுவாகத் தபால் அம்மாளிடம் சொன்னாள்: "பாக்கறதுன்னா அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள பாத்துக்குங்க. திங்கக்கெழம இது வேலிக்கம்பம்."

அடுத்த ஞாயிறு அவர்கள் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். அப்பா கல்லுக்கு முன்னால் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"சார், படிச்சவங்க நீங்க. ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க. இவன் திருடன் இல்லன்னு. உங்க கழகத்து சீல் ஒண்ணு குத்திக் குடுங்க. மாட்டுக்கு ரசீது கேக்கறாங்க, இந்தக் கல்லுக்கு ஒரு ரசீது குடுங்க. அத நான் சந்தையில காட்டிக்கறேன். கல்லும் பொழச்சுக்கும்."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் முழுசாப் படிக்கலீங்க. மிச்ச எழுத்து இந்தக் குவியலுக்குள்ள இருக்குது. படிக்காம எப்படிங்க எழுதிக் குடுப்பேன்?"

எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு சீட்டில் ஒரு வரி. தலைவலி மாத்திரை பொட்டலம் கட்டுகிற காகிதமே போதும். அதைக் கொடுக்க மனசில்லாத ஆள் என்று நினைத்தேன்.

குவியலை எடுக்கலாமா என்று கேட்டதும் கூட்டம் இரண்டடி பின்னால் போனது. எடுத்தால் ஒட்டிக்கொள்ளும். மருந்துக்கடைக்காரர் குனிந்து முதல் கல்லை எடுத்துக் கூடையில் போட்டார். ஓவிய வாத்தியார் இரண்டாவதை. மூன்றாவதாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியது அம்மா.

"எங்களுக்குத்தான் எப்பவோ ஒட்டிக்கிச்சே. இன்னும் என்னா ஒட்டப் போவுது?"

கூட்டத்திலிருந்த ஒரு ஆத்தா, "ஏண்டி, அந்தக் கையோட என் வூட்டுப் பக்கம் வந்துடாத" என்றார்.

"வராம இருப்பனா ஆத்தா? உன் அண்டா மேல எனக்கு எப்பவும் ஒரு கண்ணு."

ஆத்தாவே சிரித்துவிட்டார். ஆனாலும் யாரும் இறங்கவில்லை. அப்பாதான் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வந்தார்.

அந்தக் குவியலுக்குள் என்னென்னவோ இருந்தது. ஓணான் முட்டை, தேளும் அதன் குஞ்சுகளும், உடைந்த சிலேட்டு, கண்ணாடி வளையல் துண்டு, தேய்ந்த லாடம். அவசரத்துக்குக் கல் கிடைக்காமல் கையில் இருந்ததை எறிந்திருக்கிறார்கள். உள்ளே போகப் போகக் கற்கள் குளிர்ச்சியாக, பாசி பிடித்துக் கறுத்து இருந்தன. உச்சி வெயிலில் அந்த ஈரமண் வாசனை எங்கள் எல்லார் மேலும் அடித்தது.

கடைசிக் கூடையும் போனபின் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மேலே மழையிலும் வெயிலிலும் தேய்ந்த கல், கீழே நேற்றுச் செதுக்கினது போல இருந்தது. காலில் தண்டை தெரிந்தது. வேட்டியின் மடிப்பு தெரிந்தது. இடக்காலை ஒட்டி ஒரு கன்று முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. இதையெல்லாம் அவமானத்துக்கு எறிந்த கற்கள்தான் பொத்திப் பாதுகாத்திருக்கின்றன.

மருந்துக்கடைக்காரர் மண்டி போட்டுப் படித்தார். "தொறு..." என்று தொடங்கியவர் நின்றார். கொஞ்சம் இடம் தாண்டி, "டு பட்டான் கல்" என்றார். இடையில் உள்ளங்கை அளவு சில்லு பெயர்ந்திருந்தது. முன்பு குவியலின் மேல்மட்டம் அந்த உயரத்தில் இருந்தபோது பெயர்ந்ததாக இருக்க வேண்டும்.

அப்பா கேட்டார்: "அதுல என்னாங்க இருந்திருக்கும்?"

"ரெண்டு எழுத்து. தொறு மீட்டுப் பட்டான்னா, களவு போன ஊர் மாட்ட மீட்டுக்கிட்டு வரும்போது செத்தவன். தொறு கொண்டு பட்டான்னா, மாட்ட ஓட்டிக்கிட்டுப் போகும்போது செத்தவன். மீட்டு, கொண்டு. ரெண்டுக்கும் கடைசி எழுத்து டு. அது மட்டுந்தான் மிச்சம் இருக்குது."

ஓவிய வாத்தியார் சில்லு பெயர்ந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார். "ஏதோ வந்து பட்டுத்தான் பேந்திருக்கும் போல" என்றார். அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் முழுக்கத் திரும்பி, அள்ளிக் கொட்டிய கற்களைப் பார்த்தது.

அம்மா கன்றைச் சுட்டிக் காட்டினாள். "கன்னுக்குட்டி அவன் காலை நக்குது பாருங்க. திருட வந்தவன் காலை நக்குமா?"

ஓவிய வாத்தியார் கன்றின் வாயருகே கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "எனக்கும் அப்படிச் சொல்ல ஆசையாத்தாம்மா இருக்குது. ஆனா இது நாக்கா, கல்லுல உள்ள கீறலான்னு தெரியலீங்களே."

மருந்துக்கடைக்காரர் எழுந்து முட்டி மண்ணைத் தட்டினார். "ஒண்ணு மட்டும் எங்க வேணா சொல்வேன். அடிச்சுக் கொன்ன திருடனுக்கு இத்தன பாடுபட்டுச் செதுக்க மாட்டாங்க. இது ஒருத்தனை மதிச்சு நட்ட கல்லு. ஆனா அவன் மாட்ட மீட்டவனா, கொண்டு போனவனான்னா, எனக்குத் தெரியாதுங்க."

அப்பா குனிந்து மூன்றாம் வரியைப் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்தும் தெரியாது, இந்த எழுத்தும் அவ்வளவாகத் தெரியாது.

"ஏங்க, ரெண்டுல ஒண்ணுன்னா, பாதிக்குப் பாதிங்களா?"

"பாதிக்குப் பாதிதாங்க."

"இத்தன நாளா எங்களுக்குப் பாதி கூட இல்லீங்களே" என்றார் அப்பா.

சொல்லிவிட்டு, தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கன்றின் முகத்தில் நின்ற தண்ணீரைத் துடைத்தார்.

திங்கட்கிழமை கல்லுடைக்கிறவர் சாமானோடு வந்து நின்றார். அப்பா, "இது இருக்கட்டும். வேலிக்கு வேற பாறை பாரு" என்றார்.

"ஏண்ணா, உளியெல்லாம் தீட்டிட்டு வந்திருக்கறேன். அப்படி என்னா சொல்லுதாம் கல்லு?"

"பாதி சொல்லுது."

கல்லுடைக்கிறவர் தலையைச் சொறிந்துகொண்டு மலைப் பக்கம் போனார். அவர் வெட்டிக் கொடுத்த கம்பங்கள் கள்ளன்கல்லைச் சுற்றியே வேலியாக நின்றன. ஊர் எறிந்த கற்களை அப்பா தடத்தை ஒட்டி வரிசையாக அடுக்கிக் காட்டுக்குச் சுவர் எழுப்பினார். "தலமொறையாக் கொண்டாந்து எறக்குனாங்க, வண்டி வாடகை கூடக் கேக்கல" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பெயர் மாறவில்லை. இப்போதும் மினிபஸ் கண்டக்டர், "கள்ளன்கல்லு எறங்கு" என்றுதான் கூவுகிறார். சந்தையில் அப்பாவைப் பார்த்து, "என்னா பாதிக் கள்ளரே" என்று கூப்பிட ஒருவர் இருந்தார். "மீதிப் பாதியப் படிச்சுச் சொல்லிட்டு அப்புறம் கூப்புடு" என்பார் அப்பா. இருவரும் சிரித்தபடி டீக்கடைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஜோடி மாட்டை மட்டும் அவர் விற்கவே இல்லை.

கன்றை மட்டும் தனியாக ஒரு மைப்படி எடுத்து எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தோம். ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டது. விளிம்பில் கரி மை ஒட்டிய பித்தளைக் குடத்தை, நான் விடுதியில் இருந்தபோது எவர்சில்வர்க்காரரிடம் போட்டுவிட்டார்கள். கல்சுவர் அண்ணன் மகனின் தக்காளிக் கொட்டகைக்கு அடித்தளமாகப் போனது. இவற்றில் ஒன்றைக்கூட நாம் பதிவு செய்யவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கழகத்துக்கு வரத் தொடங்கிய பிறகு, தபால் அம்மாள் அந்த நாளைப் பற்றி ஒன்று சொன்னார். திரும்பிப் போகும்போது பஸ் நிறுத்தத்தில் அவருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் பெரிய வாக்குவாதமாம். "மீட்டுன்னு சொல்லியிருந்தா உங்களுக்கு என்னா கொறஞ்சு போயிருக்கும்? அந்த மனுஷன் மொகத்தப் பாத்தீங்களா?" என்று இவர் கேட்டிருக்கிறார். அதற்கு அவர் சொன்னது: "தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்லிச் சொல்லித்தானேம்மா ஊரு அவரை இந்த நெலமைக்குக் கொண்டாந்துச்சு. நாமளும் அதையே செய்யறதா?"

பொட்டலக் காகிதத்தில் ஒரு வரி எழுதிக் கொடுக்க மனசில்லாதவர் என்று நான் நினைத்த மனிதர் அவர். இன்று நினைத்துப் பார்க்கிறேன்: அன்று ஒரு பொய்ச்சீட்டு கிடைத்திருந்தால், அதைப் பொய் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அப்பா வாழ்நாள் முழுக்கப் பயந்திருப்பார். கிடைத்த பாதியை யாராலும் பிடுங்க முடியவில்லை. பின்னாளில் பழைய இலக்கணங்களைப் படித்தபோது, ஆநிரை கவரப் போனவனுக்கு ஒரு பூ, மீட்கப் போனவனுக்கு வேறொரு பூ என்று கண்டேன். இருவருக்கும் பூ உண்டு. அப்பா இருந்தபோதே அதைப் படித்துச் சொல்ல முடிந்தது என் பாக்கியம். "ரெண்டு பூவும் வெச்சுட்டாப் போவுது" என்றார் அவர்.

கடந்த தை மாதம் நம்மில் சிலர் மறுபடி அங்கே போனோம், நினைவிருக்கும். இளையவர்கள் கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பல கோணங்களில் படம் எடுத்தார்கள். சில்லு பெயர்ந்த பள்ளத்தின் விளிம்பில் ஒரு வளைவு தெரிகிறது, அது மகரத்தின், அதாவது 'மீட்டு'வின் முதல் எழுத்தின் மிச்சம் என்றார் ஒருவர். உளி நழுவிய தடம் என்றார் இன்னொருவர். என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் படிக்கிற வேலையை உங்களுக்கு விட்டுவிட்டு, அட்டை எழுதுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பழைய அட்டையோடு சேர்த்துக் கட்டியிருக்கும் புதிய அட்டையில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"தை, கடைசி ஞாயிறு. நீர் கொடுத்தவர்: வீட்டு மருமகள். மூன்றாம் வரியில் இரண்டு எழுத்து இல்லை. 'மீட்டு', 'கொண்டு' இரண்டும் பொருந்தும். எது என்று இன்று வரை உறுதி செய்யப்படவில்லை."